ஒரு வாய்க்கு ஒரு உள்ளேன்

சங்கம்பாளையம் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஊர். கதவும் கூரையும் இல்லாமல், சக்கரமும் எஞ்சினும் இரும்பு எலும்பும் மட்டுமாக, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஓட்டி வருகிற டிரைவர்களோடு வந்து நிற்கும் வண்டிகள், ஒரு மாதம் கழித்து மரமும் தகரமும் நீலமும் மஞ்சளுமான முழு உடம்போடு, கழுத்தில் சாமந்தி மாலையும் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்துமாக வெளியேறிப் போகும். உடம்பு என்பது பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் சமாச்சாரம் என்று பார்த்துப் பழகிய ஊர் என்பதால், அங்கிருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு குரல் மட்டும் உடம்பில்லாமல் வந்து பாடம் கேட்டுவிட்டுப் போனதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குரல் சிவரஞ்சனியுடையது. அவள் அம்மா நல்லம்மாள் பட்டறையில் லாரிகளுக்கு எழுத்து எழுதுபவள். 'ஒலி எழுப்பவும்' எல்லாம் அவள் கைதான். அப்பா பொன்னுரங்கம் வடக்கே லாரி ஓட்டுபவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், மற்ற நாளெல்லாம் மத்தியானம் சோற்றுக்கு வண்டியை ஓரங்கட்டும்போது போனில் இருப்பார். சிவரஞ்சனிக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று வேதியியல், சோதனைக் குழாயில் ஒரு சொட்டு விழுந்ததும் நிறமில்லாத தண்ணீர் மயில் கழுத்தாக மாறுகிற அந்தக் கணத்துக்காக அவள் எத்தனை சமன்பாடுகளையும் பொறுத்துக்கொள்வாள். இன்னொன்று கபடி. கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் தனியாகப் போவதைப் பாடிப் போவது என்பார்கள். ஒரே மூச்சில் கபடி கபடி என்று நடுவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போக வேண்டும், தொட வேண்டும், அந்த மூச்சு தீர்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அப்படிப் பாடிப் போவதில் அவளுக்கு நிகராக அந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. அந்த ஊரில் பாடி என்ற ஒரே சொல் அம்மாவுக்கு ஒன்றாகவும் மகளுக்கு வேறொன்றாகவும் இருந்தது.

விளையாடப் போகும் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் ஓ.டி. என்று போட்டு, வந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். வகுப்பாசிரியை அங்கயற்கண்ணி டீச்சருக்கு அது பிடிக்காது. அவர்தான் வேதியியலும் எடுத்தார். முதல் ஆட்டத்துக்குப் போக சிவரஞ்சனி கையெழுத்துக் கேட்டு நின்றபோது, பேனாவைத் திறந்துகொண்டே, "கட்டத்த ஓ.டி. நிரப்பிரும். மண்டைய யாரு நிரப்புவா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் சிவரஞ்சனி அந்தக் கேள்வியை வேன் ஏறும்வரை தூக்கிக்கொண்டு போனாள். வேன் புறப்படும்போது பள்ளிக்கூடத்து மணி அடித்தது. இன்றைக்கு மின்னாற்பகுப்பு ஆரம்பிக்கிறார்களே என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

வகுப்பில் டீச்சர் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மற்ற நேரமெல்லாம் டீச்சர் என்று அழைக்கிற பிள்ளைகள், வருகைப் பதிவின்போது மட்டும் அம்மா என்பார்கள். அது எப்படி ஏற்பட்டதென்று யாருக்கும் தெரியாது.

"முப்பது."

"உள்ளேன் அம்மா."

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் அம்மா."

நீலக் கோடு போட்ட பிறகுதான் டீச்சர் நிமிர்ந்தார். இரண்டாவது பெஞ்சில் சன்னலோரம், சிவரஞ்சனியின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் அவள் தோழி ஷமீலா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக டீச்சர் நடத்தி வந்த சட்டம் ஒன்று உண்டு, ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் நாளே அறிவித்துவிடுவார்: ஒரு வாய்க்கு ஒரு உள்ளேன், ஓர் எண்ணுக்கும் ஒரே உள்ளேன், அடுத்தவளுக்காகச் சொன்னவள் தனக்கென்று சொல்ல முடியாது, அவள் அன்றைக்கு வராதவள்.

"யாருடி ப்ராக்ஸி குடுத்தது? எல்லாரும் வாய மூடுங்க. கையால மூடுங்க." நாற்பத்தோரு கைகள் நாற்பத்தோரு வாய்களை மூடின. "முப்பத்தொண்ணு."

"உள்ளேன் அம்மா" என்றது காலி இடம், சிவரஞ்சனியின் அதே லேசான கரகரப்போடு.

"எந்திரி."

அடுத்து வந்த "எந்திரிச்சிட்டேன் டீச்சர்" ஓர் ஆள் உயரத்திலிருந்து வந்தது. டீச்சர் சிறிது நேரம் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, உக்காரு" என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி மின்னாற்பகுப்பை ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கபடித் திடலில் சிவரஞ்சனி பாடிப் போய் வாயைத் திறந்தாள்; வாய்க்குள் ஒன்றும் இல்லை. நடுவர் விசிலடித்து, பாட்டுக் கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். விளையாட்டு ஆசிரியை குளோரி டீச்சர் அவளை மூலைக்கு அனுப்பினார். பிடிப்பதற்குக் குரல் வேண்டியதில்லை, முழங்காலும் மன உறுதியும் போதும். ஜெயித்துவிட்டு வேனில் ஊமையாகத் திரும்பியவளிடம், நாலு பத்துக்குக் கடைசி மணி அடித்ததும் குரல் வந்து ஏறிக்கொண்டது. சாக்பீஸ் வாசனையோடு வந்தது. கூடவே அன்றைய பாடம் முழுவதையும் ஒரு வரி விடாமல் கொண்டுவந்தது.

வீட்டில் நல்லம்மாள் விஷயத்தைக் கேட்டு, பிரஷைக் கழுவிக்கொண்டே, "ஏனம்மிணி, டிபன் பாக்ஸத்தான் மறந்து வெச்சுட்டு வருவ. இப்ப தொண்டையையுமா?" என்றாள். அப்பா நாக்பூருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ நின்றுகொண்டு போனில் கேட்டார். அவர் மட்டும்தான் துளிகூட ஆச்சரியப்படவில்லை. "எனக்கு எப்பவும் அது மட்டுந்தானே கண்ணு வருது" என்றார்.

அதன்பிறகு அவள் வெளியூர் போகும் நாளெல்லாம் குரல் பள்ளிக்கூடத்தில் தங்கியது. வகுப்பு அதற்குப் பழகிக்கொண்டது. ஷமீலா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் மூடியில் ஒரு வாய் புளிச்சோறு எடுத்துச் சன்னலோரம் வைத்தாள். குரல் சாப்பிடாது என்று தெரிந்தாலும், பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது. தமிழம்மா அதைச் செய்யுள் வாசிக்கச் சொன்னார். உடம்பு இல்லாததால் மூச்சு வாங்காமல் வாசித்தது. கணக்கு டீச்சர் மட்டும், விடை தெரிந்த குரலுக்குக் கை இல்லாததால் மதிப்பெண் போட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பதிவேட்டில் என்ன போடுவது என்று ஆசிரியர் அறையில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஓ.டி.யும் போட்டு நீலக் கோடும் போட முடியுமா, ஒருத்தி இரண்டு இடத்தில் இருந்தாலும் ஒரு கட்டம்தானே. கடைசியில் அங்கயற்கண்ணி டீச்சர், "வந்து வாயத் தொறந்து சொன்னா கோடு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று முடித்தார். ஊரில் பட்டறைக்காரர்கள் அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரைக் கடக்கும்போது சுத்தியலை மெதுவாக வைத்தார்கள். பிள்ளையின் குரல் தனியாக இருக்கிறது, பயந்துவிடக் கூடாதென்று.

அரையிறுதிவரை சிவரஞ்சனி மூலையில் நின்று பிடித்தே அணியைக் கரைசேர்த்தாள். இறுதி ஆட்டம் திருச்சியில், ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. எதிரே வந்தது காவிரிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்று. ஏழு பேரும் கை கோத்து நின்றால் காற்று உள்ளே போகாது என்று சொன்னார்கள். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்களும் வருகிறார்கள். வாய் திறக்காத பாட்டுக்காரியின் பெயரை அவர்கள் எதற்கு எழுதப் போகிறார்கள்? இந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. அவள் பாடிப் போக இது ஒன்றுதான் மிச்சம்.

குளோரி டீச்சர் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "டீச்சர், அந்தக் குரலை ஒருநாளைக்குக் குடுங்க."

"என்ன, வாலிபால் நெட்டா? கையெழுத்துப் போட்டுத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்ல?"

"நீங்க எண்ணைக் கூப்பிடாம விட்டுட்டாப் போதும்ல?"

"போன தடவை விட்டேன். நாப்பத்திரண்டு முடிஞ்சதும் அதுவே எந்திரிச்சு, என் எண்ண விட்டுட்டீங்கன்னு சொல்லுது. நான் என்ன பண்ண? நல்லா வளர்த்துவிட்டோம்."

ஊரிலும் யோசனைகள் புறப்பட்டன. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் குரல் ஏன் அங்கே போகிறது, ஆகவே உள்ளூர் விடுமுறை விடச் சொல்லலாம் என்று பட்டறைச் சங்கத்தார் துண்டைப் போட்டுக்கொண்டு தலைமையாசிரியையிடம் வந்தார்கள். அவர் படிவத்தை எடுத்துக் காட்டினார். "தேருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, மழைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. குரலுக்கு எங்கங்க டிக் பண்ணட்டும்?" சங்கத்தார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இல்லைதான்.

புதன்கிழமை சாயங்காலம், வேன் ஏறுவதற்கு முன்னால், குரலோடு இருந்த சிவரஞ்சனியிடம் ஷமீலா கேட்டாள்: "உன்ற குரலுகிட்ட நீயே சொல்லேன் புள்ள, நாளைக்கு ஒருநா எங்கூட இருன்னு."

"சொல்லாம இருப்பனா? இப்ப சரி சரிங்கும். காலையில ஒம்பதரை மணி அடிச்சா அதுக்குத் தரிக்காது. அதுவும் நான்தானேடி. எனக்கும் அங்க இருக்கணும்தான்." சிவரஞ்சனி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பக்கமும் இருக்கணும்னு ஆசப்பட்டது தப்பாடி?"

ஷமீலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அத்தா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். படிப்பில் அவள் நடுவில் இருப்பாள், ஓடினால் கடைசியில் வருவாள், பாடினால் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவள் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. அம்மை போட்டதுகூடக் கோடை விடுமுறையில்தான். வருவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் 'முழு வருகை' என்று தலைப்பிட்ட மரப்பலகை ஒன்று உண்டு. ஏழு வருடமும் ஒருநாள் விடாமல் வந்தவர்களின் பெயர் அதில் பொன் எழுத்தில் ஏறும். கடைசிப் பெயர் ஏறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த பெயருக்கான இடத்தைத் துடைத்து வைத்து, எழுதுவதற்கு நல்லம்மாளிடம் சொல்லியும் ஆகிவிட்டது. இன்னும் பதினெட்டு வேலைநாள்தான் பாக்கி. ஷமீலா தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பலகை வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

வியாழக்கிழமை டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஒன்று, இரண்டு என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று சொல்லச் சொல்ல, அன்றைக்கு அது பஜனையைப் போல ஒலித்தது.

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் அம்மா."

அதில் கரகரப்பு இல்லை. சன்னலோரத்துக் குரல் வாயெடுப்பதற்கு ஒரு நொடி முன்னால், மெலிந்து, பயந்து, பக்கத்து இடத்திலிருந்து வந்தது.

கண்ணை மூடிக்கொண்டே நாற்பத்திரண்டு குரலையும் பிரித்தறியக்கூடியவர் டீச்சர். பேனா நின்றது. அவர் நிமிர்ந்து ஷமீலாவைப் பார்த்தார். வகுப்பு மொத்தமும் மேசையைப் பார்த்தது.

"ஒரு வாய்க்கு ஒரு உள்ளேன்" என்றார் டீச்சர், மிகவும் மெதுவாக.

"தெரியும் டீச்சர்."

"பதினெட்டு நாள்தான் இருக்கு."

"தெரியும் டீச்சர்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ப்ராக்ஸியையும் விட்டிராத டீச்சர், முப்பத்தொன்றாவது கட்டத்தில் நீலக் கோடு போட்டார். தன் எண்ணுக்கு உள்ளேன் சொல்லியாகிவிட்டது, இனி அங்கே தனக்கு இடமில்லை என்று குரலுக்குத் தெரிந்தது. சட்டத்துக்கு அடங்கிய பிள்ளையின் குரல் அல்லவா. சுவரில் தொங்கிய தனிம அட்டவணை ஒருமுறை படபடத்தது, சன்னல் கம்பியில் ஏதோ உரசியது, அவ்வளவுதான். டீச்சர் முப்பத்திரண்டைக் கூப்பிட்டார், முப்பத்து மூன்றைக் கூப்பிட்டார், நாற்பத்தொன்று வரைக்கும் கூப்பிட்டார்.

"நாப்பத்திரண்டு."

அது பட்டியலின் கடைசிப் பெயர். ஷமீலா வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வழக்கத்தைவிட நெடுநேரம் காத்திருந்தார். வெளியே ஒரு பட்டறையில் தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்டு நின்றது. பிறகு அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, வரவில்லை என்று ஒரு சிவப்பு வட்டம் போட்டார். வட்டம் சரியாக மூடவில்லை.

குரல் நெடுஞ்சாலையில் ஏறியது. திருச்சிக்குப் போகிற சாலை முழுக்கச் சங்கம்பாளையத்தில் உடம்பு பெற்ற லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் அதன் அம்மா 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தாள். எழுதியிருப்பதைப் படித்துக் கீழ்ப்படிகிற குரல் ஆதலால், ஒவ்வொரு வண்டியையும் தாண்டும்போது அது உள்ளேன் என்று ஒலி எழுப்பியது. டிரைவர்கள் கண்ணாடியில் பார்த்தார்கள், ஒருவரையும் காணவில்லை, ஆனாலும் யாரோ இருக்கிறேன் என்று சொல்லும்போது வழி விடுவதுதானே மரியாதை என்று இடப்பக்கம் ஒதுங்கினார்கள். மோகனூர் தாண்டி, தொட்டியம் தாண்டி, முசிறியில் காவிரி மணலை ஒட்டி, உள்ளேன் உள்ளேன் என்று சொல்லிக்கொண்டே அது போனது.

திடலில் முப்பது வினாடி பாக்கியிருந்தது. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பாடிப் போகிற இரண்டு பிள்ளைகளும் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தார்கள். குளோரி டீச்சர் சிவரஞ்சனியைப் பார்த்தார். அவள் மூலையிலிருந்து புறப்பட்டு, ஊமையாகக் கோட்டைத் தொட்டு, ஊமையாகத் தாண்டி, வழக்கம் விடாமல் வாயைத் திறந்தாள். நடுவர் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

குரல் வந்து சேர்ந்தது. ஆனால் தொண்ணூறு கிலோமீட்டர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்த குரலால் சட்டென்று வேறு சொல்லுக்கு மாற முடியவில்லை.

"உள்ளேன் உள்ளேன் உள்ளேன் உள்ளேன்" என்று பாடினாள் சிவரஞ்சனி.

கை கோத்து நின்ற எதிரணிப் பிள்ளைகள் அதைக் கேட்டதும், அடுத்து நம் எண் வரப்போகிறதென்று, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு கணம் நிமிர்ந்து நின்றார்கள். சங்கிலி விட்டுப்போனது. அவள் ஒருத்தியின் தோளைத் தொட்டாள், இன்னொருத்தியின் முழங்கையைத் தொட்டாள், கடைசி மூச்சில் காலை நீட்டி மூன்றாமவளின் கட்டைவிரலைத் தொட்டு, புழுதியில் உருண்டு கோட்டில் வந்து விழுந்தாள், விழும்போதும் உள்ளேன் என்று சொல்லிக்கொண்டு.

நடுவர் ஓர் ஆண்கள் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். உள்ளேன் என்று காதில் விழுந்தால் அவர் கைக்கு ஒன்றுதான் தெரியும். விசில் இருந்த கை இறங்கிவந்து, காற்றில் ஒரு கோடு போட்டது.

எதிரணி டீச்சர் ஓடிவந்தார். "சார், கபடின்னுதான சொல்லணும்? சட்டம் அதுதான?"

"அதுதான்."

"அந்தப் புள்ள உள்ளேன்னுல்ல சொல்லுச்சு!"

"ஆமா டீச்சர். உள்ளேன்னு சொல்ற புள்ளைக்கு இல்லைன்னு எப்படிப் போடுறது? நீங்கதான் சொல்லுங்க."

அந்த டீச்சரும் காலையில் பதிவேடு எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறவர்தான். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, புள்ளித் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மேடையில் இருந்த, மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் சிவரஞ்சனியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதக்கத்தோடும் கட்டிப்போன தொண்டையோடும் வந்தவளுக்கு வகுப்பு எல்லாவற்றையும் சொன்னது. அவள் பெஞ்சில் உட்காராமல் ஷமீலாவுக்கு முன்னால் நின்றாள்.

"ஏன்டி இப்பிடிப் பண்ணுன? உன்ற பலகை போச்சேடி."

"உன்ற குரலு எம்பக்கத்துல உக்காந்து எத்தன நாளு ஆட்டத்த நெனச்சு அழுதுச்சு தெரியுமா? அதுக்குக் கண்ணும் கெடையாது. கண்ணில்லாம அழறது எவ்வளவு கஷ்டம்." ஷமீலா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "உக்காரு. பதக்கத்தக் காட்டு. தங்கமா, பூச்சா?"

"பூச்சுதான்."

"பரவால்ல, குடு."

அங்கயற்கண்ணி டீச்சர் தலைமையாசிரியையிடம் போய், அந்த வட்டத்தை எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டார். சட்டம் உங்களுடையதுதானே என்று அவர் கேட்க, ஆமாம் என்று திரும்பி வந்தார். குரலும் உடம்பும் அதற்குப்பின் பிரியவில்லை. பிரிந்தால் அடுத்தவளுக்கு என்ன ஆகும் என்று இரண்டுக்கும் தெரிந்துபோயிற்று. ஆண்டு விழாவில் மரப்பலகை பழைய பெயர்களோடேயே நின்றது. துடைத்து வைத்த இடத்துக்கு முன்னால் நல்லம்மாள் கையில் பொன் மையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

பொன்னுரங்கத்துக்கு அந்த மாதம் புது வண்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதன் முதுகில், 'ஒலி எழுப்பவும்' வர வேண்டிய இடத்தில், நீலத்தின்மேல் பொன் எழுத்தில் நல்லம்மாள் எழுதினாள்: '42. ஷமீலா. உள்ளேன் அம்மா.'

பட்டறைக்காரர் தலையைச் சாய்த்துப் படித்தார். "ஏனுங்கக்கா, ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதலீங்களா?"

"அதத்தானுங்க எழுதியிருக்கறன்" என்றாள் நல்லம்மாள்.

சிவரஞ்சனி இப்போது வெகுதூரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள், மாலையில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறாள். ஷமீலா சங்கம்பாளையத்தை விட்டு எங்கும் போகவில்லை. அத்தாவின் கடையில் தார்ப்பாய் தைக்கிறாள். அந்த லாரி இன்னும் ஓடுகிறது. வடக்கே பின்னால் வருகிறவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு மரியாதைக்கு ஒருமுறை ஒலி எழுப்பிவிட்டுத்தான் தாண்டுகிறார்கள். சில நாள் மத்தியானம் ஷமீலாவுக்குப் போன் வரும். எடுத்தால் அந்தப் பக்கம் காற்றும் லாரிகளின் இரைச்சலும் கேட்கும். பொன்னுரங்கம் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதை மட்டும் முதலில் சொல்வார். நாக்பூர் என்பார், கட்டாக் என்பார், ஒருமுறை குவாஹாட்டி என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிடுவார்.

"நாப்பத்திரண்டு?"

ஷமீலா பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துத் தார்ப்பாயில் குத்திவைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொல்வாள்.